பிரகாரம் உள்ள கப்பல்

1

எங்கள் பதினேழாவது கல்யாண நாளுக்குக் கப்பலில் போகலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். காதில் விழாதது போல இருந்துவிட்டேன். அவர் விடுகிற ஆள் இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நாள் முழுக்க உயரத்தில் உட்கார்ந்து அடுத்தவர் கப்பலில் பெட்டி ஏற்றுகிற மனிதருக்கு, ஒரு தடவையாவது தானும் ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

கும்பகோணத்தில் இருக்கும் தங்கைக்கு டெலிபோனில் சொன்னேன். ஊருக்கா வருகிறீர்கள் என்று கேட்டாள். இல்லை, பினாங்கு, பூக்கெட் என்று சுற்றிவிட்டு, ஏறிய இடத்திலேயே இறங்கிவிடுவோம் என்றேன். பிறகு எதற்கு ஏற வேண்டும் என்றாள். இங்கே காசு கொடுத்து வாங்குகிற பல விஷயங்களை ஊருக்கு விளக்குவது கஷ்டம்.

எனக்கும் கப்பலுக்கும் ஆகாது. கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்ததே நாகப்பட்டினத்தில் ஏறித்தான். புதுப் பெண்ணாக, பட்டுப்புடவையோடு, வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். பினாங்கு தாண்டிக் கிள்ளானில் இறங்கியபோது என்னை அழைத்துப்போக வந்திருந்த நாத்தனார், ஊரில் சோறு போடவில்லையா என்று தம்பியிடம் கேட்டார். அந்த முகத்தோடுதான் என் மலேசிய வாழ்க்கை தொடங்கியது. அதனால் கப்பல் என்றதும் எனக்கு முதலில் அன்று குமட்டலுக்கு வாயில் அடக்கிக்கொண்ட புளிப்பு மிட்டாய் ஞாபகம்தான் வந்தது.

ஆனால் நான் தயங்கியதற்கு உண்மையான காரணம் அது இல்லை. எங்கள் பையன்.

2

தினேஷுக்கு ஒன்பது வயது. பேச்சு மிகக் குறைவு. தண்ணீர், போதும், லைட், இன்னும் நாலைந்து வார்த்தை. மூன்று வயதில் கோலாலம்பூரில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்றார். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவனுக்கு இரைச்சல் ஆகாது, வரிசையில் நிற்க முடியாது, வெள்ளைச் சோறும் தயிரும் அப்பளமும் தவிர வேறு இறங்காது, மனசு சரியில்லை என்றால் எதையாவது சுற்றி நடக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றித் தரையில் பாலிஷ் போய்விட்டது. சிரித்தால் வீடே நிறையும், அதையும் சொல்ல வேண்டும்.

மூத்தவள் கவிதாவுக்குப் பதினைந்து. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். இங்கிலீஷில் கேட்டால் பதிலே வராது. அவள் பள்ளித் தோழி ஒருத்தி போன வருடம் பெரிய கப்பலில் போய் வந்து, மாடிக்கு மாடி நீச்சல்குளம், சினிமா, டிஸ்கோ என்று அளந்திருக்கிறாள். அதிலிருந்து எங்கள் வீட்டிலும் அந்தக் கப்பல் பேச்சுதான்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டிராவல் கடைக்குப் போனோம். மிஸ் லிம் என்ற பெண், கெட்டிக்காரி, எங்கள் முன்னால் இரண்டு கப்பல்களின் படத்தை விரித்தாள். ஒன்று கவிதாவின் பெரிய கப்பல். மற்றது சின்னது, பழையது, சாயம் போன மாதிரி இருந்தது. நான் பையனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நன்றாகக் கேட்டுக்கொண்டாள். பெரிய கப்பலில் பிள்ளைகளுக்கென்று தனி அறை இருக்கிறது, ஆனால் இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது என்று ஒளிக்காமல் சொன்னாள். எது வேண்டும் என்று யோசித்து வாருங்கள் என்று படங்களைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

அன்று சாயங்காலமே லெட்சுமி அக்கா வந்தார். அக்கா என்பது என் நாத்தனார். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே நொடியில் தீர்ப்புச் சொன்னார்.

“இதுல என்னா யோசனை? தினேஷை எங்கிட்ட விடுங்க. நாலு நாளு நான் பாத்துக்கிறேன்லா. நீங்க மூணு பேரும் பெரிய கப்பல்ல நிம்மதியா போயிட்டு வாங்க.”

அன்பாகத்தான் சொன்னார். அவனும் அவரிடம் இருப்பான். கவிதா பெரிய கப்பலின் படத்தை மட்டும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரரும் என்னைப் பார்க்காமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் மட்டும் வேண்டாம் என்றேன். என் குரலே எனக்குக் கடுமையாகக் கேட்டது.

ஏன் என்று அக்கா கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன். கும்பகோணத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு பையன் இருந்தான். அவனும் பேச மாட்டான். அந்த வீட்டில் விசேஷம் என்றால் காலையிலேயே அவனை மாடி அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு போகும். யாரும் அவனை அடித்ததில்லை. கீழே நாதஸ்வரம் வாசிக்கும்போது மேலே ஜன்னல் கம்பியில் இரண்டு கை மட்டும் தெரியும். அக்கா வீடு அந்த மாடி அறை இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நாங்கள் மூன்று பேர் கப்பலில் நின்று கையாட்ட, அவன் ஒருவன் கரையில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போனால் நாலு பேர், இல்லாவிட்டால் கல்யாண நாளுக்கு வீட்டில் வடை பாயசம் என்று சொல்லிவிட்டேன்.

கவிதா படத்தை மேசையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு வாக்கியம் வந்தது, அதிசயமாகத் தமிழில். “எல்லாமே அவனுக்காகத்தானா?”

3

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் சமாதானத்துக்கு ஒரு யோசனை சொல்வது என் வீட்டுக்காரர் வேலை. முதலில் சின்னதாக ஒரு வெள்ளோட்டம் பார்ப்போம் என்றார். துறைமுகத்திலிருந்து புலாவ் கெத்தாமுக்குப் படகு போகிறது. மீனவர்கள் வாழும் தீவு, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

படகு நீளமாக, மூடியிருந்தது. உள்ளே ஏர்கான் குளிர். டிவியில் சீனச் சண்டைப் படம், சத்தம் உச்சத்தில். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் தினேஷ் காதைப் பொத்திக்கொண்டு வீறிட ஆரம்பித்தான். அவனைச் சமாதானப்படுத்த நான் பாட, என் பாட்டை அடக்க அவர் அதட்ட, டிவியை விட நாங்கள் பெரிய படமாகிவிட்டோம். கவிதா நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்து எங்களைத் தெரியாதவள் போல ஜன்னலைப் பார்த்தாள்.

ஒரு படகுக்காரர் எங்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சரக்கு மூட்டைகள் வைக்கும் திறந்த இடம். காற்று அடித்தது, எஞ்சின் உறுமியது. அந்த உறுமலை அவன் சட்டை செய்யவே இல்லை. மூட்டைகளுக்கு நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதைச் சுற்றி நடக்கத் தொடங்கினான். தீவு வரும்வரை நடந்தான். திரும்பி வரும்போதும் நேராக அங்கேதான் போனான்.

வெள்ளோட்டத்தில் பாஸா பெயிலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பாஸ் என்றார் அவர். கவிதா பெயில் என்றாள். நான் ஓட்டுப் போடவில்லை.

விடை வெள்ளிக்கிழமை கோயிலில் கிடைத்தது. தினேஷ் சந்தோஷமாக இருக்கும் ஒரே பொது இடம் எங்கள் கோயில்தான். நாங்கள் மூன்று சுற்று சுற்றிவிட்டுக் கொடிமரத்துக்கிட்ட உட்கார்ந்துவிடுவோம், அவன் பாட்டுக்குப் பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் சுற்றுகிற இடத்தில் இவனும் சுற்றுகிறான், அவ்வளவுதான். கோயிலுக்குள் அவன் பக்தியுள்ள பிள்ளை, வெளியே வந்ததும் ஒரு மாதிரியான பிள்ளை. பெரியம்மா ஒருவர், இந்த வயசில் எத்தனை ஈடுபாடு என்று என்னைப் பாராட்டிவிட்டுக்கூடப் போனார். நான் மறுக்கவில்லை.

அப்படிச் சுற்றி வருகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. கப்பலில் என்னென்ன இருக்கிறது என்று எல்லோரும் கேட்டோம். கப்பலைச் சுற்றி வர முடியுமா என்று யாரும் கேட்கவில்லை.

4

திங்கட்கிழமை மிஸ் லிம்முக்குப் போன் போட்டேன். பிரகாரம் இருக்கிறதா என்பதை இங்கிலீஷில் எப்படிக் கேட்பது? ஒருவன் ஒரு கதவு வழியாக வெளியே போய், வேறு எந்தக் கதவையும் திறக்காமல், எந்தப் படியும் ஏறாமல், கப்பலை முழுவதும் சுற்றி அதே கதவுக்கு வர முடியுமா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நீச்சல்குளத்தின் ஆழம் கேட்டிருக்கிறார்கள், சூதாட்ட அறைக்கு வயது வரம்பு கேட்டிருக்கிறார்கள், இதை ஒருவரும் கேட்டதில்லை என்றாள். விசாரித்துச் சொன்னாள். பெரிய கப்பலில் நடைபாதை பாதியில் நின்றுவிடும், குறுக்கே மதுக்கடை. சின்னக் கப்பலில் மூன்றாம் தட்டில் முழுச் சுற்றும் இருக்கிறது, மரத்தரை, பக்கத்திலேயே அறை கிடைக்கும்.

நான் அன்றே சின்னக் கப்பலுக்குச் சரி சொல்லிவிட்டேன். அதில் ஒரு சின்ன நீச்சல்குளமும் உண்டு என்று கவிதாவிடம் கூடுதலாகச் சொன்னேன். கிணறு மாதிரி இருக்கிறது என்றாள் படத்தைப் பார்த்து. வருவாயா மாட்டாயா என்றதற்கு, வேறு வழி என்று தோளைக் குலுக்கினாள்.

பிறகு காகித வேலை. தினேஷின் பாஸ்போர்ட் படத்துக்குக் கேமராவைப் பார்க்க வைப்பதற்குள் கிள்ளான் ஸ்டூடியோக்காரர் தன் கடைச் சாமான்களில் பாதியைத் தலையில் வைத்து ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவன் வேலை சுலபமாக முடிந்தது. முடியாதது என் வேலை. எனக்கு இன்னும் இந்தியப் பாஸ்போர்ட், கையில் நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வர ஒரு அனுமதி, தாய்லாந்துக்குள் காலை வைக்க ஒரு விசா. ஒரு கவுண்டரில் இன்னொரு கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள், அங்கே முதல் கவுண்டரைக் காட்டினார்கள். கடைசியில் மிஸ் லிம் சிரித்துவிட்டாள். “ஆன்டி, உங்க பேமிலியிலே ஸ்பெஷல் பாசெஞ்சர் நீங்கதான்.” அவளுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் இதைச் சொன்னாள்.

5

வழியனுப்ப அக்கா வேன் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு துறைமுகத்துக்கு வந்தார். கூடவே இரண்டு அடுக்குக் கேரியர், ஒரு பாட்டில் ஊறுகாய், அப்பளக் கட்டு. அது ரயில் இல்லை அக்கா, உள்ளே சோறு போடுவார்கள் என்றேன். அவர்கள் போடும் சோறு அவனுக்கு இறங்குமா என்றார். வாங்கிக்கொண்டேன். சமையலறையில் இருந்த கோவாக்காரர் அந்த அப்பளத்தை மூன்று நாளும் பொரித்துக் கொடுத்தார் என்பதை அக்காவின் புகழுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

ஏறிய கொஞ்ச நேரத்தில் மூன்றாம் தட்டைக் கண்டுபிடித்துவிட்டான் தினேஷ். மரத்தரையில் ஒரு தடவை காலைத் தட்டிப் பார்த்தான், பிறகு கிளம்பிவிட்டான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சுவர், முனையில் திரும்பினால் மறுபடி கடல். ஒரு முழுச் சுற்று முடித்து என் முன்னால் வந்தபோது வாய்விட்டுச் சிரித்தான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, காற்றின் மேல் பழி போட்டேன். ஆச்சரியம், எனக்கு வாந்தி வரவில்லை. அவர் ஒரு சாய்நாற்காலியில் படுத்துக்கொண்டு தூரத்தில் தெரிந்த கிரேன்களை முதலாளி மாதிரிப் பார்த்தார். கவிதாவுக்குப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த ஒரு பெண் சிநேகிதமாகக் கிடைத்தாள். இரண்டு பேரும் கிணற்றில் குதிக்கப் போய்விட்டார்கள்.

மிஸ் லிம்மிடம் பிரகாரத்தின் நீளம், அகலம், கைப்பிடியின் உயரம் எல்லாம் கேட்டவள் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. எந்தப் பக்கமாகச் சுற்றுவார்கள் என்று. இப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே எனக்குத் தோன்றவில்லை. சுற்றுவது என்றால் வலமாகத்தானே. நம் வீடுகளில் எப்போது இடமாகச் சுற்றுவார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கப்பலில் பாதிப் பேர் ஓட்டமும் நடையுமாக மூன்றாம் தட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் இடமாக வந்தார்கள். சுவரில் அம்புக்குறி போட்டு எழுதியே வைத்திருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை. எங்கள் பையன் ஒருவன் மட்டும் எதிரே வலமாகப் போய்க்கொண்டிருந்தான், யாருக்கும் ஒதுங்காமல். முதல் சுற்றில் அவர்கள் சிரித்துக்கொண்டே விலகினார்கள். மூன்றாம் சுற்றில் ஓடிவந்த ஒரு வெள்ளைக்காரர் இடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ஒரு பிலிப்பினோ சிப்பந்தி பணிவாக வந்து அம்புக்குறியைக் காட்டினார். என் வீட்டுக்காரர் எழுந்து போய்ப் பையனின் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார்.

அவ்வளவுதான். தினேஷ் அங்கேயே உட்கார்ந்து, காதைப் பொத்தி, வீறிட்டான். நடந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் வட்டமானார்கள். நான் ஓடிப்போய் மண்டியிட்டு அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு எதிர்வீட்டு ஜன்னல் கம்பிதான் ஞாபகம் வந்தது. அக்கா சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது. கூட்டிக்கொண்டு வந்து இத்தனை கண்களுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டேனே, இந்த நேரத்துக்கு அவன் அக்காவின் வீட்டில் அப்பளம் தின்றுகொண்டிருப்பான் என்று நினைத்தேன்.

தலை நிமிர்ந்தபோது கூட்டத்தின் விளிம்பில் கவிதா நின்றிருந்தாள், ஈரத் தலையோடு, அந்தப் புதுச் சிநேகிதியோடு. அவளுக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, பேசாமல் திரும்பி நடந்தால் போதும். எங்களைத் தெரியாதவளாக இருப்பது அவளுக்குப் பழக்கம்தான். சிநேகிதி இவன் யார் என்று கேட்பது உதட்டசைவில் தெரிந்தது.

கவிதா கூட்டத்துக்குள் வந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி அவர்கள் எதிரே நின்றாள். இவன் என் தம்பி என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள். இவனுக்கு ஆட்டிசம், இவனுக்கு இந்தப் பக்கமாகத்தான் சுற்றத் தெரியும், கோயிலில் அப்படித்தான் பழகியிருக்கிறான், கொஞ்ச நேரம் நீங்களும் இப்படிச் சுற்ற முடியுமா என்று கேட்டாள். ஆட்டிசம் என்ற சொல்லை அவள் வெளியில் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு சீனப் பெரியவர்தான் முதலில் அசைந்தார். எனக்கு எந்தப் பக்கமாக நடந்தாலும் இதே முழங்கால் வலிதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வலமாக நடந்தார். அவர் மனைவி பின்னால் போனார். அப்புறம் ஒரு மலாய்க் குடும்பம், அப்புறம் இன்னும் சிலர். சிப்பந்தி அம்புக்குறிக்கு முன்னால் போய் அதை மறைத்த மாதிரி நின்றுகொண்டார். வெள்ளைக்காரர் மட்டும் தோளைக் குலுக்கிவிட்டு வேறு தட்டுக்கு ஓடினார், அது அவர் இஷ்டம்.

தினேஷ் காதிலிருந்து கையை எடுத்தான். தன் பக்கமாகப் போகிற கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்தான். நடந்தான். கவிதா அவனுக்கு ஓரடி முன்னால் போனாள், எதிரே யாராவது வந்தால் கையைக் காட்டித் திருப்பிவிட்டுக்கொண்டே. இரண்டாம் சுற்றில் அந்தச் சிநேகிதியும் சேர்ந்துகொண்டாள். என் வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். அவர் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது, அவரும் காற்றைத்தான் சொன்னார்.

6

கடைசி நாள் காலை, இறங்குவதற்கு முன்னால், கப்பலில் எடுத்த போட்டோக்களை எல்லாம் ஒரு தட்டியில் மாட்டி வைத்திருந்தார்கள். ஏறும்போதே படியருகில் ஒருவர் எங்களை நிறுத்தி இரண்டு எடுத்திருந்தார். எடுத்தது எனக்கு நினைவே இல்லை.

முதல் படத்தில் நாங்கள் மூன்று பேரும் லட்சணமாக இருக்கிறோம். அவர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டிருக்கிறார், என் புடவை மடிப்பு கலையவில்லை, கவிதா அழகாகச் சிரிக்கிறாள். தினேஷ் இருக்கிறான் என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிகிறது. இரண்டாவதில் அவருக்குக் கண் மூடியிருக்கிறது. நான் யாரையோ கூப்பிடுகிறேன், வாய் பிளந்திருக்கிறது. கவிதாவின் முகத்தைத் தலைமயிர் பாதி மறைத்திருக்கிறது. நடுவில் தினேஷ், நேராகக் கேமராவைப் பார்த்து, பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறான்.

முதல் படத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் கை நீட்டினேன். ஊருக்கு அனுப்ப அதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். கவிதா என்னைத் தாண்டிக் கையை விட்டு மற்றதை எடுத்தாள்.

“இதும்மா,” என்றாள். “இதுலதான் நாலு பேரும் இருக்கோம்.”

அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தங்கைக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் என் வாயைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.